மாவில் உட்காரச் சொல்லும் நிமியா

செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள் நிமியா. லாரிக்காரன் கீழே வெயிலில் நிற்கிறான். பின்னால் முப்பது மாடுகள் கத்துகின்றன. "சீக்கிரம் அக்கா, மாடுங்க சூட்டுல சாயுது" என்கிறான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கிறாள், விடுகிறாள். வெறுங்காலால் பிரேக்கைத் தேடுகிறாள். ஐந்து நிமிடம் போகிறது. பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, "வலது புட்டத்துல ஆரம்பிச்சு, தொடைக்குப் பின்னால இறங்கி, முட்டிக்கு மேல வந்து நிக்குது. இருமினா சுருக்குன்னு இழுக்குது. சரியா?" என்று கேட்கிறாள்.

எங்கே வலிக்கிறது என்று அவன் அதுவரை சொல்லவே இல்லை. "முதுகு சரியில்ல, சீட்டைப் பாருங்க" என்றது மட்டும்தான். இப்போது வலது தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வாரத்துக்கு நாலு தடவையாவது இதை என் கடை வாசலில் நின்று பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கூடவே வயிறும் எரிகிறது.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? பொசோ கொலொராதோ என்கிற இந்த ஊரில் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள் நான். தலைநகரத்திலிருந்து இருநூற்றெழுபது கிலோமீட்டர். இங்கே வந்து சேர்கிற எவனும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டுதான் வண்டியை விட்டு இறங்குவான். முன்பெல்லாம் இறங்கியதும் நேரே என்னிடம் வருவான். வலி மாத்திரை, தைலம், இடுப்புப் பட்டை எல்லாம் அலமாரியில் நிற்காது. பதினோரு வருடத்துக்கு முன் எதிர்ப்பக்கம், டயர்க்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் நடுவில், ஒரு தகரக் கொட்டகை போட்டு 'வண்டி சீட் வேலை' என்று பலகை மாட்டினாள் நிமியா. அன்றோடு என் தைலத்தின் மேல் தூசி படிய ஆரம்பித்தது. என்னைவிட ஏழு வயது மூத்தவளை 'அவள், இவள்' என்று எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். அக்கா என்று கூப்பிட்டுச் சண்டை போட்டே பழகிவிட்டோம்.

ஆச்சரியம் என்னவென்றால், அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. அவள் கணவர் கான்சியோ லாரி ஓட்டியவர். இருபத்திரண்டு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவரோடு போய்வந்திருக்கிறாள். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு உட்காரவே முடியாமல் போயிற்று. இப்போது கொட்டகைக்குப் பின்னால் ஊஞ்சல் வலையில், நெஞ்சின் மேல் ரேடியோவை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். "இருபத்திரண்டு வருஷமும் ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் சுல்மா. பக்கத்துல திரும்பி அந்த மனுசன் எப்படி உட்கார்ந்திருக்கான்னு பார்க்கல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதன்பின் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடிக் கழித்தவை. சிலி நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, மலை தாண்டி வருகின்றன. ஜப்பானில் ஸ்டீயரிங் வலப்பக்கம், எங்களுக்கு இடப்பக்கம். ஆகவே பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டறையில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கி இந்தப் பக்கம் வைப்பார்கள். மிதிக்கட்டைகளை வெட்டி ஒட்டுவார்கள். சீட்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். சீட்டு சீட்டுதானே என்று விட்டுவிடுவார்கள். நிமியாவுக்கு அங்கேதான் கோபம் வரும். "ஜப்பான்ல இது யார் சீட்டு தெரியுமா? புருசன் ஓட்ட, பொண்டாட்டி தூங்கிட்டு வந்த சீட்டு. இந்தச் சீட்டுக்குத் தூங்க மட்டும்தான் தெரியும். இதுல உட்கார்ந்து நீ எட்டு மணி நேரம் ஓட்டுனா இடுப்பு என்ன ஆகும்?" என்று வந்தவனைக் கேட்பாள், ஏதோ அவன்தான் ஸ்டீயரிங்கைப் பிடுங்கி மாற்றி வைத்தவன் போல. போதாததற்கு மிதிக்கட்டைகள் எப்போதும் நாலு விரற்கடை உள்ளே தள்ளி ஒட்டப்பட்டிருக்கும். கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், முகம் ரோட்டைப் பார்த்து. துணியைப் பிழிவது போல ஆளைப் பிழிந்துவிடும்.

கண்ணை மூடி உட்கார்ந்து வண்டியை அறிந்தாயிற்று என்றால், அடுத்தது ஆளை அறிவது. கொட்டகையின் நடுவில் ஒரு பெஞ்சு. அதன் மேல் அகலமான தகரத் தட்டு. தட்டு நிறைய மரவள்ளி மாவு, சிப்பா ரொட்டி சுடுகிற அதே வெள்ளை மாவு. விரலால் நிரவிச் சமமாக்கி, "உட்காரு" என்பாள். ஆறடி உயர மாட்டுக்காரன், இடுப்பில் கத்தி, மீசை எல்லாம் வைத்திருப்பவன், ரொட்டி மாவில் உட்காரச் சொன்னால் என்ன செய்வான்? சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். முதலில் இடுப்புக்குப் பின்னால் செருகிய கத்தியை உருவி மேசையில் வைப்பாள். பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸ், சீப்பு, மாட்டுச் சந்தைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து அதன் பக்கத்தில் அடுக்குவாள். "இதுங்க மேலயா இத்தனை நாள் உட்கார்ந்து ஓட்டினே? சீட்டைக் குத்தம் சொல்ல வந்துட்டே" என்பாள். அப்படியே வைத்தியம் முடிந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. மற்றவர்கள் உட்கார்வார்கள்.

எழுந்ததும் அவள் குனிந்து மாவைப் பார்க்கிற பார்வையை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரண்டு பள்ளம் பதிந்திருக்கும். ஒன்று ஆழம், ஒன்று மேலாக. ஆழமானதில் விரலை விட்டு அளப்பாள். வாயில் எந்நேரமும் ஏழெட்டுக் குட்டி ஆணிகள் இருக்கும். அவற்றுக்கு இடையிலேயே பேசுவாள். "இடது கால்ல எப்பவோ எலும்பு முறிஞ்சிருக்கு. குதிரையா, மாடா?" "குதிரைதான் அக்கா... பதினாறு வயசுல." எனக்கு அந்த நேரம் கடையைப் பூட்டிவிட்டு அவள் காலில் விழலாமா என்று தோன்றும். விழுந்ததில்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை.

சாலைச் சந்திப்பில் பின்பக்கம் வெள்ளையாக எவன் நடந்து போனாலும் நிமியாவிடம் போய் வந்திருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். சாப்பாட்டுக்கடைக்காரி சத்தமாகக் கூப்பிடுவாள்: "என்ன அண்ணே, ரொட்டி வெந்துடுச்சா?" புனித வாரத்தில், வீட்டுக்கு வீடு சிப்பா சுடும் நாட்களில், நிமியா கொண்டுவந்து கொடுக்கிற ரொட்டியை எல்லாரும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். "அந்தத் தட்டு மாவு கோழிக்குடா, பாவிங்களா" என்று திட்டுவாள்.

இப்படிப்பட்டவள் தோற்றதை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் என் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் தலைநகரத்துக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்தில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். எங்கள் சந்திப்பில் என்னைப் போல இன்னும் இரண்டு பேர். ஒருவர் செவேரோ அண்ணன், பண்ணையில் மாடு மேய்த்தவர், ஓட்டை வாய். இன்னொருவர் யாக்கோப் ஐயா, ஜெர்மன் பேசும் மென்னோனைட் கிறிஸ்தவ சபை விவசாயி, கூடவே துணைக்கு வரும் அவர் மனைவி. இரண்டு வருடத்தில் யாக்கோப் ஐயா பேசி நான் கேட்டது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். எங்களை ஏற்றிக்கொண்டு போவது கிறிஸ்புலோவின் கார். அதுவும் ஸ்டீயரிங் மாற்றிய ஜப்பான் கார்தான். வேறு வண்டி கிடையாது. பஸ் வருகிற நேரம் மருத்துவமனை நேரத்துக்கு ஒத்துவராது. ஒரு தடவை வெள்ளத்தில் சாலை துண்டித்து ஒரு வாரம் போக முடியாமல் போனபோது, செவேரோ அண்ணன் உடம்பு முழுக்க நீர் ஏறி மூச்சுக்குத் தவித்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஆகவே கிறிஸ்புலோவின் முதுகு வெறும் கிறிஸ்புலோவின் முதுகல்ல.

அந்த முதுகு போன அக்டோபரில் கெட்டது. பெரிய உடம்புக்காரன், நாற்பத்தைந்து வயது, குரல் மட்டும் சின்னது. வலிக்கிறது என்றுகூட மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொல்வான். டிசம்பரில் ஒரு நாள் வீடு திரும்பியதும் காரிலிருந்து இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றான். ஜனவரி முதல் வாரம் என் கடைக்கு வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னான்: "சுல்மாக்கா, இந்த மாசக் கடைசி வரைக்கும் ஓட்டிடறேன். அதுக்கு மேல முடியாதுக்கா. ராத்திரியெல்லாம் தரையில படுத்து அழறேன்." நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது? அவன் போனதும் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இந்த மாதத்துக்கு எத்தனை செவ்வாய், எத்தனை வியாழன் பாக்கி என்று எண்ணினேன்.

நிமியா அந்தச் சீட்டை ஏற்கெனவே இரண்டு தடவை பிரித்திருந்தாள். முதலில் பொண்டாட்டி சீட்டைக் கழற்றிவிட்டுப் புருசன் சீட்டை இந்தப் பக்கம் மாட்டினாள். பிறகு மிதிக்கட்டைக்கு நேராக வரும்படி சீட்டைத் தாங்கும் இரும்புத் தண்டவாளத்தை வெட்டி நாலு விரற்கடை நகர்த்தினாள். மாதக் கடைசி என்று கேள்விப்பட்டதும் மூன்றாம் தடவை, உள்ளே இருந்த ஸ்பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, பழைய டியூப் ரப்பரைப் பட்டை பட்டையாகப் பின்னி அதன் மேல் குதிரை மயிர் அடைத்துத் தைத்தாள். இரண்டு நாள் வேறு வேலை எடுக்கவில்லை. அரசன் உட்காரலாம் அந்தச் சீட்டில். செவ்வாயும் வியாழனும் கிறிஸ்புலோ போய் வந்தான். வியாழனன்று இறங்கும்போது செவேரோ அண்ணனும் நானும் இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நோயாளிகள் ஓட்டுநரை இறக்குகிற காட்சியைச் சாப்பாட்டுக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

நிமியா அவனை மறுபடி மாவில் உட்கார வைத்தாள். எழுப்பினாள். இரண்டு பள்ளமும் ஒரே ஆழம். விரலை விட்டு அளந்தாள், மயிரிழை வித்தியாசமில்லை. வாயிலிருந்த ஆணிகளையெல்லாம் கையில் துப்பினாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"மாவுல நேரா உட்கார்றான். சீட்டும் நேரா இருக்கு. அப்புறம் எப்படிடா இடது பக்கம் மட்டும் அமுங்கியிருக்கு?" என்று சீட்டின் இடது ஓரத்தைத் தடவினாள். கதவுப் பக்கம், இரண்டே நாளில், குதிரை மயிர் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. "ரோட்டுல நீ என்னமோ பண்றே. என்ன பண்றே?"

"ஒண்ணும் இல்லக்கா. ஓட்டுறேன், அவ்வளவுதான்" என்றான் கிறிஸ்புலோ. காது வரை சிவந்துவிட்டான்.

சனிக்கிழமை விடிகாலையில் நாங்கள் ஏறும்போது நிமியா ஏப்ரனோடு வந்து நின்றாள்.

"எங்க அக்கா கிளம்பிட்டீங்க?"

"உங்களோடதான்."

"இடம் இல்லையேக்கா. நாலு பேரும் இருக்காங்க."

"சாமான் வைக்கிற இடம் இருக்குல்ல? நானும் ஒரு சாமான்தான். கதவைத் திற."

அறுபத்தோரு வயதில், ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிறவள், சீட்டே இல்லாமல் ஸ்டெப்னி டயரின் மேல் சுருண்டு உட்கார்ந்து தலைநகரத்துக்கு வந்தாள். போகும்போது காலைக் குளிர்ச்சி, ஒன்றும் அகப்படவில்லை. நாங்கள் இயந்திரத்தில் கிடந்த நாலு மணி நேரமும் மருத்துவமனை வாசல் மரத்தடியில் கிறிஸ்புலோவோடு உட்கார்ந்திருந்தாள். அவன் அங்கே நேராகத்தான் உட்கார்ந்திருந்தானாம்.

திரும்பும்போது மணி இரண்டரை. ஆற்றுப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சதுப்பும் பனையும். ஜனவரி எங்களுக்கு நடுக்கோடை, வடகாற்று அடுப்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி வீசியது. காரில் ஏ.சி. பேருக்கு இருக்கிறது. இயந்திரத்தை விட்டு இறங்கியதும் எங்களுக்கு வருகிற தாகம் இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட முடியாது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் அனுமதி. அதற்கு மேல் குடித்தால் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கி நெஞ்சுக்கு ஏறும். ஆகவே நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வருவோம். யாரும் தண்ணீர் என்ற சொல்லைச் சொல்வதில்லை.

எண்பதாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து குரல் வந்தது: "கிறிஸ்புலோ, நிறுத்து! எனக்குக் காலு மரத்துப்போச்சு."

ஓரமாக நிறுத்தினான். மரத்துப்போன கால்காரி ஒரு நொண்டலும் இல்லாமல் விறுவிறுவென்று சுற்றிவந்து ஓட்டுநர் கதவைத் திறந்தாள். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில், துண்டில் சுற்றிச் செருகியிருந்த தெர்மோஸ் பிளாஸ்க் தார்ச்சாலையில் விழுந்து உருண்டது. பின்னாலேயே ஒரு கொம்புக் குவளையும், அதிலிருந்த பச்சை இலைத்தூளும், உலோக உறிஞ்சுகுழலும்.

தெரெரே. எங்கள் நாட்டில் இது இல்லாமல் ஒரு நாள் விடியாது. ஐஸ் போட்ட தண்ணீரை இலைத்தூளில் ஊற்றிக் குழலால் உறிஞ்சுவது. இதில் முக்கியம் குடிப்பதல்ல. ஒரே குவளை, ஒரே குழல், ஒருவர் ஊற்ற, கை மாறிக் கை மாறிச் சுற்றிவரும். தெரியாதவன் வந்து நின்றாலும் அவன் முறைக்கு அவனுக்குக் கொடுக்க வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒருவன் மட்டும் தனியாகக் குடிப்பதைவிட மட்டமான காரியம் எங்களுக்குத் தெரியாது.

"பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை உன் இடது தோள் காணாமப் போகுது. ஆறு தடவை எண்ணினேன்" என்றாள் நிமியா. "எத்தனை நாளா இது?"

கிறிஸ்புலோ ஸ்டீயரிங்கையே பார்த்தான். "ரெண்டு வருசமாக்கா." "இவங்களுக்குக் குடுக்கவும் முடியாது. குடுக்காமக் குடிக்கவும் முடியாது. குடிக்காம இந்த வெயில்ல ஓட்டவும் முடியலக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

நாங்கள் கண்ணைத் திறந்தாலும் பார்த்துவிடக்கூடாது என்று, பக்கக் கண்ணாடியைச் சரிபார்க்கிற மாதிரி இடுப்பை முறுக்கி, கதவோடு கதவாகச் சாய்ந்து, கழுத்தைக் கீழே இறக்கி உறிஞ்சியிருக்கிறான். கோடை ஏற ஏற, தாகமும் ஏற, முறுக்கும் ஏறியிருக்கிறது. கடைசிச் சொட்டில் குழல் 'கொர்'ரென்று சத்தம் போடும். அதை மறைக்க ஒரு இருமல். போக வர ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர், வாரம் மூன்று நாள்.

செவேரோ அண்ணன் பின்னாலிருந்து, "டேய், எனக்குத் தெரியுமேடா" என்றார்.

கிறிஸ்புலோ திடுக்கிட்டுத் திரும்பினான். முதுகு பிடித்து "அம்மா" என்றான்.

"முத வாரமே தெரியும். கிட்னிதான் போச்சு, மூக்கு போகலியே. வாரநாள்ல புதினா போடுவே. சனிக்கிழமைன்னா எலுமிச்சைப் புல்லு. இன்னிக்கு எலுமிச்சைப் புல்லு."

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நீ கொண்டுவர்றதையே நிறுத்திடுவே. தாகத்துல கிறுகிறுத்து நீ பனைமரத்துல ஏத்தினா, நாங்க எங்கடா போய்ச் சேர்றது? அதான், உனக்குத் தோதா தூங்குற மாதிரி நடிச்சேன்."

"எனக்கும் தெரியும்" என்றார் யாக்கோப் ஐயா. அது பதினோராவது வாக்கியம். "எனக்கும்" என்றார் அவர் மனைவி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அவமானம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்த இருமலுக்கு இரண்டு வருடத்தில் ஆறு பாட்டில் இருமல் மருந்து கொடுத்தவள் நான். அது தொண்டையிலிருந்து வரும் இருமல் இல்லை என்று மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கொடுத்தேன். கொடுக்காமல் விட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடுமே! அவனும் மறுக்காமல் வாங்கிப்போய்க் குடித்திருக்கிறான்.

"அந்த மருந்து என்னா கசப்பு, சுல்மாக்கா" என்றான் கிறிஸ்புலோ. நாங்கள் சிரித்துவிட்டோம். செவேரோ அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நிமியா சிரிக்கவில்லை. சாலையில் நின்றபடி எங்களைப் பார்த்துக் கத்தினாள்: "சிரிக்காதீங்க! மரியாதை, மரியாதைன்னு எல்லாருமாச் சேர்ந்து ஒருத்தன் இடுப்பை முறிச்சிருக்கீங்க. அவன் உங்களுக்குப் பயந்து வளைய, நீங்க அவனுக்குப் பயந்து கண்ணை மூட... ரெண்டு வருசம்! இன்னும் பத்து நாள் போயிருந்தா வண்டியே நின்னிருக்கும், மூணு பேருக்குச் சவப்பொட்டி தயார் பண்ணியிருப்பாங்க. நான் ஒரு முட்டாள், அந்தச் சீட்டை மூணு வாட்டி பிரிச்சேன். என் கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்து ராத்திரி தூக்கம் போச்சு." குனிந்து தெர்மோஸையும் குவளையையும் பொறுக்கித் துண்டால் துடைத்து, புதிதாக இலைத்தூள் போட்டு, கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "நீதானே முன்னாடி உட்கார்ந்திருக்கே? நீ ஊத்து. அவன் நேரா உட்கார்ந்து குடிக்கட்டும். உறிஞ்சுற சத்தம் பின் சீட்டுக்குக் கேக்கணும்."

குடிக்க முடியாதவள் ஊற்றுவது எங்கள் நாட்டில் இல்லாத வழக்கம். ஊற்றுகிறவர்தான் முதலில் குடிக்க வேண்டும். நோய் வந்த அன்றே என் குவளையை யாருக்கோ கொடுத்துவிட்டேன். இரண்டு வருடமாகக் கொம்பைக் கையால் தொட்டதில்லை. மூடியைத் திறந்தபோது உள்ளே ஐஸ் கட்டிகள் இடித்துக்கொண்டன. கார் கிளம்பியது. ஊற்றி, குழலை அவன் பக்கம் திருப்பி நீட்டினேன். கிறிஸ்புலோ ரோட்டைப் பார்த்தபடி, நிமியாவின் ரப்பரிலும் குதிரை மயிரிலும் முதன்முறையாக முழு முதுகையும் சாய்த்து உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை இழுத்தான். 'கொர்ர்ர்' என்று கார் முழுக்கக் கேட்டது. இருமவில்லை.

"ஆகா!" என்றார் செவேரோ அண்ணன், தானே குடித்த மாதிரி.

அந்த மாதக் கடைசி வந்து போனது. அதற்கப்புறம் ஐந்து மாதக் கடைசிகள் போய்விட்டன. கிறிஸ்புலோ இன்னும் ஓட்டுகிறான். போன செவ்வாய்க்கிழமை வண்டியிலிருந்து குதித்து இறங்கினான், நான் பார்த்தேன். அந்தச் சீட்டில் நிமியா அதற்குமேல் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. சீட்டு சரியாகத்தான் இருந்தது என்று சாலைச் சந்திப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆனால் நான் அவளை நினைக்கும்போது வருகிற படம் மாவுத் தட்டோ, மூடிய கண்ணோ அல்ல. அன்று காரில் அதற்கடுத்து நடந்ததுதான்.

"எனக்கு?" என்று ஸ்டெப்னி டயரிலிருந்து குரல் வந்தது. ஊற்றிக் கொடுத்தேன். சில்லென்றிருந்த குவளை செவேரோ அண்ணன் கைக்குப் போயிற்று. அவர் அதை ஒரு நிமிடம் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு யாக்கோப் ஐயாவிடம் கொடுத்தார். அவரும் அப்படியே செய்துவிட்டுப் பின்னால் நீட்டினார். நிமியா சத்தம் போட்டு உறிஞ்சினாள். எங்களுக்காக ஒரு துளி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. பிறகு, "அந்த தெர்மோஸைக் கொஞ்சம் இங்க தள்ளு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு ஐஸ் கட்டியை எடுத்து, ஏப்ரன் பையிலிருந்த தோல் துண்டில் சுற்றி, குட்டிச் சுத்தியலால் ஒரே தட்டு. பிரித்து, அதிலிருந்து மூன்று சில்லுகளை மட்டும் பொறுக்கினாள். ஒன்றை விரல்நுனியில் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்.

"மருந்துக்கடைக்காரி! இவ்வளவு ஆகுமா?"

வாயில் வைத்து உருக்கினால் அரை ஸ்பூன் தண்ணீர், நாக்கு நனைய அது போதும். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது.

"ஆகும்க்கா" என்றேன்.

மூன்று சில்லையும் தோலின் நடுவில் வைத்தாள். அந்த வெயிலில் அவை உடனே உருக ஆரம்பித்தன. தோலின் ஓரங்களை மேலே தூக்கி, உருகிய நீரும் சிந்தாதபடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். சரியாக அந்த இடத்தில்தான் சாலை மோசம். ஒரு கிலோமீட்டருக்குப் பள்ளமும் மேடும். கார் தூக்கிப் போட்டது. நிமியா ஸ்டெப்னி டயரின் மேல் முழங்காலிட்டு எழுந்தாள். தலை கூரையில் இடித்தது, தோள் கண்ணாடியில் இடித்தது, இடுப்பு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது. அத்தனை குலுக்கலையும் முழங்காலிலும் இடுப்பிலும் வாங்கிக்கொண்டு, ஏந்திய கைகளை மட்டும் அசையாமல் எங்கள் பக்கம் நீட்டினாள்.